முகத்தைத் தாண்டிய காதல்: இடைக்கால நகைச்சுவைக் காதல் நாவல் எழுத முழுமையான வழிகாட்டி

1450ஆம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்தில் எழுதப்பட்ட ஒரு கவிதைக் கதை. வேட்டைக்குப் போன ஆர்தர் மன்னர் ஆயுதமில்லாமல் ஓர் எதிரியிடம் மாட்டிக்கொள்கிறார். "பெண்கள் எல்லாவற்றையும்விட அதிகமாக விரும்புவது எதை? ஒரு வருடத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் தலை போகும்" என்கிறான் அவன். பதில் தெரிந்தவள் ராக்னெல் என்ற ஒருத்திதான். பார்த்தவர் பின்வாங்கும் உருவம் அவளுக்கு. பதிலுக்கு விலையாக, மன்னரின் அருமை வீரர் கவைனைத் தனக்குக் கட்டிவைக்கச் சொல்கிறாள். கவைன் தயங்காமல் சம்மதிக்கிறார். கல்யாண விருந்தில் அவள் மூன்று அங்குல நகத்தால் இறைச்சியைப் பிய்த்து, மூன்று கொழுத்த சேவல்களை முடித்துவிட்டு அடுத்த தட்டைப் பார்க்கிறாள். அரண்மனையே வாயடைத்து நிற்கிறது.

இரவில் அவள் கேட்கிறாள்: பகலில் அழகியாக இருக்கட்டுமா, இரவிலா? "முடிவு உன்னுடையது" என்கிறார் கவைன். பெண்கள் விரும்புவது அதைத்தான், தன் முடிவு தன் கையில் இருப்பதை. சாபம் நீங்குகிறது. அவள் இரவும் பகலும் அழகியாகிவிடுகிறாள்.

இந்தக் கதையை நான் மிகவும் நேசிக்கிறேன். ஆனாலும் அந்தக் கடைசித் திருப்பம் ஒவ்வொரு முறையும் மனதை உறுத்துகிறது. அழகில்லாதவளை மதித்ததற்குப் பரிசு அழகு என்றால், கதை தான் சொன்னதைத் தானே திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டது. நீங்கள் எழுதப்போகும் நாவல் இங்கிருந்து ஒரு அடி முன்னே வைக்க வேண்டும்: முகம் மாறாமலே காதல் நிற்க வேண்டும், சிரிப்பும் நிற்க வேண்டும். அதற்கான வழியைத்தான் படிப்படியாகச் சொல்கிறேன். கூடவே ஒரு மாதிரிக் கதையையும் வளர்த்துக்கொண்டே போவோம்.

படி 1: முகத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

"அவள் பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கமாட்டாள்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அந்த வரியைப் படிக்கும் வாசகர் மனதில் ஒரு சுமாரான அழகியை வரைந்துகொண்டு போய்விடுவார். என்ன, எங்கே, எப்படி வந்தது என்று எழுதுங்கள். பெரியம்மைத் தழும்பா, அடுப்புத் தீயில் வெந்த கன்னமா, பிறவியிலேயே பிளந்த உதடா, குதிரைப் போட்டியில் உடைந்து கோணலாகச் சேர்ந்த மூக்கா? ஒன்றே ஒன்று போதும். ஐந்தாறைச் சேர்த்தால் அது கேலிச் சித்திரமாகிவிடும்.

அந்தக் காலத்தின் அழகு எது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இடைக்கால ஐரோப்பியக் கவிஞர்கள் பொன்னிறக் கூந்தல், சாம்பல் நிறக் கண்கள், சிறிய வாய், வெண்மையான அகன்ற நெற்றி என்று திரும்பத் திரும்பப் பாடினார்கள். 15ஆம் நூற்றாண்டில் நெற்றி உயரமாகத் தெரிய வேண்டும் என்று முன்முடியைப் பிடுங்கிக்கொண்ட சீமாட்டிகள் உண்டு. அடர்ந்த புருவமும் கறுத்த கூந்தலும் பெரிய வாயும் கொண்ட ஒருத்தியை இன்று நாம் திரும்பிப் பார்ப்போம். அன்றைய கவிஞர் அவளுக்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கமாட்டார். பார்வைதான் காலத்துக்குக் காலம் மாறுகிறது என்பதை ஒரு விளக்கமும் இல்லாமல் காட்ட இது நல்ல வழி.

இன்னொன்று: அவளுக்குத் தன் முகம் எவ்வளவு தெரியும்? அன்று கண்ணாடி என்றால் மெருகேற்றிய உலோகத் தகடு, அல்லது உள்ளங்கை அளவுள்ள, புடைத்த கண்ணாடிச் சில்லு. அதில் முகம் வளைந்துதான் தெரியும். எனவே அவள் தன் முகத்தை அறிந்தது பெரும்பாலும் மற்றவர்களின் முகத்தைப் பார்த்துத்தான். கதவைத் திறந்து உள்ளே வரும்போது எதிரே இருப்பவரின் கண் எங்கே ஓடுகிறது, எவ்வளவு நேரம் கழித்துத் திரும்புகிறது என்பதை அவள் அளந்து வைத்திருப்பாள். கதை முழுக்க இது உங்களுக்குக் கைகொடுக்கும்.

முகத்தில் குணம் எழுதியிருக்கிறது என்று அன்று படித்தவர்களே நம்பினார்கள். அரிஸ்டாட்டில் அலெக்ஸாண்டருக்கு எழுதிய அறிவுரை என்ற பெயரில் ஐரோப்பா முழுக்கக் கைமாறிய ஒரு நூலில், மூக்கையும் புருவத்தையும் பார்த்து மனிதரை எடைபோடும் பகுதியே இருந்தது. அதை மனப்பாடம் செய்த ஒரு துணைப் பாத்திரத்தை உள்ளே விடுங்கள். அவர் சொல்லும் ஒவ்வொரு கணிப்பும் பொய்த்துக்கொண்டே போகட்டும். நான்காவது முறை அவர் வாயைத் திறக்கும்போதே வாசகர் சிரித்துவிடுவார்.

மாதிரிக் கதைக்கு: ஆலிஸ், 33 வயது, கணவனை இழந்தவள், நிலபுலன் உண்டு, கன்னங்களில் அம்மைத் தழும்பு. ராபர்ட், 46 வயது வீரர், மூக்கு இரண்டு முறை உடைந்தது, இப்போது வெள்ளெழுத்து வந்துவிட்டது. வெள்ளெழுத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையின் அச்சே அதுதான்.

படி 2: ஆண்டையும் ஊரையும் குறியுங்கள்

"இடைக்காலம்" என்பது ஏறத்தாழ 1,000 வருடம். அதில் கதை எங்கேயும் நிற்காது. ஒரு பத்தாண்டைப் பிடியுங்கள். நாம் 1390களின் இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் ரிச்சர்ட் மன்னர். 1348இல் வந்த கொள்ளைநோய் மக்களில் பெரும் பங்கைக் கொண்டுபோய்விட்டது. நிலம் இருக்கிறது, உழ ஆள் இல்லை, கூலி ஏறிவிட்டது. 1381இல் விவசாயிகள் லண்டனுக்குள்ளேயே நுழைந்து மிரட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். கணவன் இல்லாமல் பண்ணை நடத்தும் ஒரு பெண்ணுக்கு இது சிக்கலான காலம், சுவாரசியமான காலமும்கூட.

அந்தப் பத்தாண்டில் மூக்குக்கண்ணாடி உண்டு. 1280களில் இத்தாலியில் தோன்றி, நூறு வருடத்தில் லண்டன் துறைமுகம் வரை வந்துவிட்டது. ஆனால் அன்றைய கண்ணாடி புடைத்த வில்லை மட்டும்தான், கிட்டத்தில் இருப்பதைக் காட்டும். தூரப்பார்வைக் குறைக்கான குழிந்த வில்லை 15ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. காதில் மாட்டும் கம்பியும் கிடையாது. இரண்டு வில்லைகளை நடுவில் ஆணியடித்து இணைத்திருப்பார்கள். மூக்கில் கவ்வ வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கையில் பிடிக்க வேண்டும்.

இப்போது ராபர்ட்டைப் பாருங்கள். அவருக்குத் தூரத்தில் இருப்பது தெளிவாகத் தெரியும், கிட்டத்தில் மங்கும். மண்டபத்தின் மறுகோடியிலிருந்து ஆலிஸைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்த பிறகு அவள் முகம் கலங்கிவிடுகிறது; குரல் மட்டும் மிஞ்சுகிறது. நெருங்க நெருங்கத் தெரியாமல் போகும் ஒரு முகம். தேதியைச் சரியாகப் பிடித்ததால்தான் இது நமக்குக் கிடைத்தது. தகவல் தேடுவதை எழுத்துக்கு முந்தைய சுமையாக நினைக்காதீர்கள், கதைத் திருப்பங்கள் அங்கேதான் கிடக்கின்றன.

சமையலறையில் உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய், மக்காச்சோளம் எதுவும் இருக்கக் கூடாது; எல்லாம் 1492க்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து வந்தவை. மேஜையில் முள்கரண்டியை வைக்காதீர்கள். ஒரு பவுன் 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங் 12 பென்னி. ஆண்களுக்கு ஜான், வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், தாமஸ் என்று சில பெயர்களே ஓயாமல் வரும். ஒரே வீட்டில் நான்கு ஜான் இருப்பது சாதாரணம். ஒரு காதல் கடிதத்தை "ஜானிடம் கொடு" என்று அனுப்பிப் பாருங்கள், ஒரு அத்தியாயம் தானாக எழுதிக்கொள்ளும்.

படி 3: கல்யாணச் சட்டத்தைக் கதையின் எஞ்சினாக்குங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். இடைக்காலத்துக் கல்யாணச் சட்டத்தைப் போல நகைச்சுவைக்கு வாகான சட்டம் வேறு இல்லை.

12ஆம் நூற்றாண்டில் போப் மூன்றாம் அலெக்ஸாண்டர் காலத்தில் உறுதிப்பட்ட விதி இது: ஆணும் பெண்ணும் நிகழ்காலத்தில் சம்மதம் சொல்லிவிட்டால் கல்யாணம் முடிந்தது. பாதிரியார் வேண்டாம், சாட்சி வேண்டாம், பெற்றோர் அனுமதிகூட வேண்டாம். "உன்னை மனைவியாக ஏற்கிறேன்" என்றால் கல்யாணம். "ஏற்பேன்" என்றால் வெறும் வாக்குறுதி. அதற்குப் பிறகு இருவரும் உடலால் சேர்ந்துவிட்டால் அதுவும் கல்யாணம். ஒரு வினைச்சொல்லின் காலம் காட்டும் இடைநிலை ஒரு வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது பெரிய வரம், நம் மொழியில் அந்த வேறுபாடு ஒரே அசையில் வந்துவிடுகிறது.

1215இல் கூடிய திருச்சபையின் பொதுச் சபையான நான்காம் லாத்தரன் சங்கம், கோவிலில் முன்கூட்டியே ஓலை வாசிக்க வேண்டும், அதாவது கல்யாணத்தை ஊரறிய அறிவிக்க வேண்டும் என்றது. நான்காம் தலைமுறைக்குள் உறவு இருந்தால் கட்டக் கூடாது என்றது. ஓலை வாசிக்காவிட்டால் குற்றம், ஆனால் கல்யாணம் செல்லும். இந்த இடைவெளியில்தான் இங்கிலாந்தின் திருச்சபை நீதிமன்றங்களில் வழக்குகள் வந்து குவிந்தன: "அவன் தோட்டத்தில் சொன்னான்", "நான் சொல்லவேயில்லை", "சொன்னேன், ஆனால் எதிர்காலத்தில் சொன்னேன்". ஞானத்தாய், ஞானத்தந்தை உறவும் தடைதான். எப்போதோ ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானத் தொட்டியருகே நின்றது இப்போது வந்து குறுக்கே நிற்கும். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் கல்யாணம் நடத்தக் கூடாது, ஆக நாற்பது நாள் காத்திருப்பு தானாகக் கிடைக்கிறது.

1469இல் நடந்த ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நார்ஃபோக் பகுதியின் பாஸ்டன் குடும்பத்துப் பெண் மார்ஜரி, வீட்டுக் காரியஸ்தர் ரிச்சர்ட் கால் என்பவருக்கு ரகசியமாகக் கல்யாண வாக்குக் கொடுத்துவிட்டாள். குடும்பம் கொதித்தது. நாரிச் பிஷப் அவளைத் தனியாக அழைத்து, சரியாக என்ன வார்த்தைகள் சொன்னாய் என்று கேட்டார். அவள் சொல்லிக்காட்டினாள். அந்த வார்த்தைகள் போதாதென்றால் இங்கிருந்து கிளம்புமுன் இன்னும் உறுதியாகச் சொல்லிவிட்டே போகிறேன் என்றும் சேர்த்துக்கொண்டாள். கல்யாணம் செல்லும் என்றே ஆனது. தாய் அவளை வீட்டுக்குள் சேர்க்கவில்லை. குடும்பத்தின் கடிதங்கள் பிழைத்ததால் இவ்வளவும் நமக்குத் தெரிகிறது. உங்கள் நாயகிக்கு எவ்வளவு துணிச்சல் வைக்கலாம் என்று சந்தேகம் வரும்போதெல்லாம் மார்ஜரியை நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் கதைக்கு வருவோம். ஆலிஸின் மறைந்த கணவனுக்கு ஒரு மச்சான், இறந்துபோன அக்காளின் கணவர். நிலம் வெளியே போகக் கூடாதென்று ஆலிஸைத் தானே கட்டிக்கொள்ளப் பார்க்கிறார். சட்டம் தெரிந்த ஒருவரைப் பிடித்து, எந்த ஓட்டையும் இல்லாத சம்மத வாசகத்தை எழுதி வாங்கி மேஜைமேல் வைத்திருக்கிறார். அன்றைக்குத்தான் ராபர்ட்டின் மூக்குக்கண்ணாடி லண்டனிலிருந்து வந்து சேர்கிறது. சோதித்துப் பார்க்கக் கைக்கு எட்டிய தாளை எடுத்து, எதிரே இருந்த ஆலிஸைப் பார்த்து உரக்கப் படிக்கிறார்: "இந்தக் கணம் முதல் உன்னை என் மனைவியாக ஏற்கிறேன்." எழுத்து தெரிகிறதே என்ற மகிழ்ச்சியில் அவர் பூரித்து நிற்கிறார். ஆலிஸ் அடுத்த வரியை எட்டிப் பார்த்து, "நானும் உன்னைக் கணவனாக ஏற்கிறேன், இதில் ஒரு எழுத்துப்பிழை இருக்கிறது" என்கிறாள். மண்டபத்தில் பதினொரு பேர் இருக்கிறார்கள், அதில் நான்கு பேர் ஜான்.

விளையாட்டாகச் சொன்ன வார்த்தை கட்டுப்படுத்தாது என்பதும் அன்றைய சட்டம்தான். எனவே வழக்கு இந்த ஒரே கேள்விக்கு வந்து நிற்கும்: விளையாட்டுக்குச் சொன்னீர்களா, மனதாரச் சொன்னீர்களா? "விளையாட்டுக்குத்தான்" என்று ஒருவர் சொன்னால் போதும், இருவரும் விடுதலை. இரண்டு பேருக்கும் அதைச் சொல்ல வாய் வரவில்லை. மற்றவர் தன்னைக் காப்பாற்றச் சொல்லிவிடுவாரோ என்று இருவரும் நடுங்குகிறார்கள். நாவலின் இரண்டாம் பாதி முழுக்க இதில் ஓடும்.

படி 4: சிரிப்பு யார்மேல் விழுகிறது என்று பாருங்கள்

இந்த வகை நாவல் தவறிப்போவது பெரும்பாலும் இங்கேதான். முகத்தைத் தாண்டிய காதல் என்று சொல்லிக்கொண்டே முகத்தை வைத்து நகைச்சுவை செய்வார்கள். குதிரை மிரண்டது, பால் திரிந்தது, குழந்தை அழுதது என்று வரிசையாக வரும். ஒவ்வொரு முறை வாசகர் அப்படிச் சிரிக்கும்போதும் கதை சொல்ல வந்ததற்கு எதிராக ஒரு ஓட்டு விழுகிறது.

விதி எளிது: முகம் சிரிப்புக்குக் காரணமாக இருக்கலாம், இலக்காக இருக்கக் கூடாது. சிரிப்பு பார்க்கிறவர் மேல் விழட்டும். ஆலிஸ் உள்ளே வந்ததும் மரியாதைக்காக முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தே பேசும் விருந்தாளி ஒருவர். ஒவ்வொருவராகக் கூரையை நிமிர்ந்து பார்க்கிறார்கள். கடைசியில் தச்சனை வரவழைத்துவிடுகிறார்கள், உத்திரத்தில் ஏதோ விரிசல் என்று. ஆலிஸ் ஒன்றும் சொல்லாமல் ஏணியைப் பிடித்துக்கொள்கிறாள். அவளை வர்ணிக்கக் கூலிக்கு அமர்த்தப்பட்ட கவிஞர் பொன்னிறக் கூந்தல், ரோஜாக் கன்னம் என்று வழக்கமான பட்டியலையே ஒப்பிக்க, "இதில் யாரைப் பற்றிப் பாடுகிறீர்கள்? அறிமுகப்படுத்தினால் நானும் பார்ப்பேன்" என்று அவள் அக்கறையோடு கேட்கிறாள்.

தன் முகத்தைப் பற்றி அவளே கேலி செய்யலாமா? செய்யலாம், ஆனால் எண்ணி மூன்று முறைக்குமேல் வேண்டாம். அதற்குமேல் போனால் அது நகைச்சுவையாக இருக்காது, அடி விழுமுன் தானே குனிந்துகொள்ளும் பழக்கமாகத் தெரியும். அதை ஒரு கட்டத்தில் ராபர்ட் கண்டுபிடித்து "அதை நீங்கள் முந்திச் சொல்ல வேண்டியதில்லை, இங்கே யாரும் சொல்லப்போவதில்லை" என்று சொன்னால், அந்த வரிக்குப் பிறகு அவள் கேலி நின்றுபோக வேண்டும். வாசகர் அந்த மௌனத்தைக் கவனிப்பார்.

மூக்குக்கண்ணாடிக் காட்சியை அருகில் போய்ப் பார்ப்போம். ராபர்ட்டின் மூக்கு கோணல், கண்ணாடி நிற்கமாட்டேன் என்கிறது. கவ்வ வைக்கிறார், சரிகிறது. தலையை அண்ணாந்து வைக்கிறார், எழுத்து கூரைக்குப் போய்விடுகிறது. ஆலிஸ் எழுந்து வந்து இரு விரலால் கண்ணாடியை அவர் மூக்கில் பிடித்துக்கொள்கிறாள். "இப்போது படியுங்கள்." அவர் தாளைப் பார்க்கவில்லை. ஒரு சாண் தூரத்தில் அவள் முகம் முதன்முறையாகத் தெளிந்திருக்கிறது. பல வருடமாகக் கதவருகே அவள் அளந்த அந்த நொடி இப்போது வருகிறது. அவர் கண் எங்கே ஓடும் என்று அவள் காத்திருக்கிறாள்.

"இடது கன்னத்தில் ஐந்து என்று நினைத்திருந்தேன்" என்கிறார் அவர். "எட்டு இருக்கிறது."

"கணக்கு பார்க்கத்தானே வாங்கினீர்கள், கணக்கைப் பாருங்கள்."

"அதைத்தான் பார்க்கிறேன். ஒன்பது."

அவள் கை ஆடி, கண்ணாடி விழுகிறது. இருவரும் தரையில் தேடுகிறார்கள். அவருக்குக் கிட்டத்தில் தெரியாது, அவளுக்குக் கண் நிறைந்து தெரியவில்லை. இங்கே மூக்கும் இருக்கிறது, தழும்பும் இருக்கிறது, ஆனால் நாம் சிரிப்பது பிடிவாதக்காரக் கண்ணாடியைப் பார்த்தும், சொல்லத் தெரியாமல் எண்ண ஆரம்பித்துவிட்ட ஒரு மனிதரைப் பார்த்தும்.

நாயகனைக் குருடனாக்கிவிடும் யோசனை உங்களுக்கும் வரும். வேண்டாம் என்பேன். பார்க்க முடியாதவர் பொருட்படுத்தவில்லை என்றால் அதில் கேள்வியே எழவில்லை. பார்த்து, எண்ணி, அங்கேயே நிற்பவர்தான் வேண்டும்.

படி 5: காதலை வேலைக்கு நடுவில் வளருங்கள்

நிலவொளி, மாடம், யாழ் எல்லாம் அழகான முகங்களுக்காக அமைத்த மேடை. நமக்கு வேறு இடம் வேண்டும். பண்ணைக் கணக்கு அருமையான இடம். அன்று கடனையும் வரவையும் மரக்குச்சியில் வெட்டிக் குறித்தார்கள். அரசுக் கருவூல முறைப்படி 1,000 பவுனுக்கு உள்ளங்கைக் கனத்துக்கு ஒரு வெட்டு, 100க்குக் கட்டைவிரல் அகலம், 20க்குச் சுண்டுவிரல் அகலம், ஒரு பவுனுக்கு ஒரு பார்லி மணி அளவு. பிறகு குச்சியை நீளவாக்கில் பிளந்து ஆளுக்குப் பாதி. கணக்குத் தீர்க்கும் நாளில் இரண்டையும் சேர்த்தால் வெட்டுகள் பொருந்த வேண்டும். யாராவது ஒரு வெட்டைக் கூட்டியிருந்தால் உடனே தெரிந்துவிடும்.

ஒரு குளிர்கால மாலையில் ஆலிஸும் ராபர்ட்டும் ஒரு பெட்டி நிறையக் கலைந்துபோன குச்சிகளுக்கு ஜோடி தேடட்டும். தேன்மெழுகு விலை அதிகம், ஆகையால் புகையும் கொழுப்பு மெழுகுவர்த்தி ஒன்றுதான். அந்த வெளிச்சத்தில் யாருக்கும் யார் முகமும் சரியாகத் தெரியாது. விரலால் தடவித்தான் வெட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். மச்சான் சுண்டுவிரல் வெட்டு ஒன்றைக் கூடுதலாகப் போட்டிருப்பதை அவள் விரல் கண்டுபிடிக்கிறது. அவர் நம்பவில்லை, அவள் அவர் விரலைப் பிடித்து அந்த வெட்டில் வைக்கிறாள். இதற்குமேல் நீங்கள் காதல் வசனம் எழுத வேண்டியதில்லை.

முகத்தை எப்போது, எவ்வளவு காட்டுவது என்பதற்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் அத்தியாயத்தில் முழுதாகக் காட்டுங்கள். அடுத்து வரவரக் குறையுங்கள். குரல், கை, நடை, கோபம் வந்தால் சாவிக்கொத்தை எண்ணும் பழக்கம் என்று மற்றவை ஏறட்டும். நாவலின் நடுவில் வாசகர் தழும்பை மறந்தே போயிருப்பார். அப்போது ஒரு அந்நியரை உள்ளே அனுப்பி அவர் திடுக்கிடுவதைக் காட்டுங்கள். வாசகருக்குக் கோபம் வரும். அந்தக் கோபம் வந்தால் உங்கள் நாவல் வேலை செய்கிறது.

படி 6: பேச்சு நடை

சரித்திரக் கதை என்றதும் கை தானாகவே "கூறுங்கள் பிரபுவே, தங்கள் சித்தம் என் பாக்கியம்" என்று எழுதத் தொடங்கும். அந்த நடையில் கம்பீரம் வரும், சிரிப்பு வராது. சிரிப்புக்குச் சின்ன வாக்கியம் வேண்டும், மூச்சு வாங்க இடம் வேண்டும். பொதுத்தமிழில் எழுதுங்கள். செந்தமிழை, மிடுக்காகக் காட்டிக்கொள்ளும் மச்சானுக்கும் கவிஞருக்கும் ஒதுக்கிவிடுங்கள். அவர்கள் வாயைத் திறந்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். வட்டார வழக்கைக் கொண்டுவராதீர்கள். நார்ஃபோக் சமையல்காரர் நம் ஊர்க்காரர் மாதிரி பேசினால் ஒரு கணம் சிரிப்பு வரும், அத்தோடு உலகம் உடைந்துவிடும். சத்தியம் செய்யும்போது அவர்கள் தேவனின் எலும்புகள்மேல் ஆணையிட்டார்கள். அதை அப்படியே வையுங்கள், புதுமையாகவும் இருக்கும்.

மரியாதைச் சொற்களைக் கவனமாகச் செலவழியுங்கள். அன்றைய ஆங்கிலத்திலும் பெரியவருக்கு ஒரு விளி, நெருங்கியவருக்கும் தாழ்ந்தவருக்கும் ஒரு விளி இருந்தது. நமக்குத் தாங்கள், நீங்கள், நீ என்று மூன்று படிகளே இருக்கின்றன. ராபர்ட்டும் ஆலிஸும் "தாங்கள்" என்று தொடங்கட்டும், குச்சிக் காட்சியில் "நீங்கள்" வரட்டும். "நீ" முதன்முதலில் வருவது அந்தத் தாளைப் படிக்கும்போதுதான். வாசகம் அப்படி எழுதப்பட்டிருந்ததால் வந்தது. மறுநாள் இருவரும் "நீங்கள்"க்குத் திரும்பிவிடுகிறார்கள், அந்த ஒரு "நீ" இருவர் காதிலும் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. நீதிமன்றத்தில் ராபர்ட் தன்னையறியாமல் "நீ சொல்" என்றுவிட்டால் தீர்ப்பு அங்கேயே முடிந்தது.

படி 7: அழகியைக் கெட்டவளாக்காதீர்கள்

ராபர்ட்டுக்குப் பார்த்திருக்கும் இளம்பெண் அழகியாக இருக்கட்டும், நல்லவளாகவும் இருக்கட்டும். அழகி என்றால் அகந்தைக்காரி என்று எழுதினால் நீங்களும் முகத்தைப் பார்த்துக் குணம் சொல்லும் அந்தப் பழைய நூலைத்தான் திரும்ப எழுதுகிறீர்கள். அவளுக்கும் ஒரு குறை உண்டு: பதினெட்டு வருடமாக அவள் சொன்ன எதையும் யாரும் காதுகொடுத்துக் கேட்டதில்லை, பார்த்துக்கொண்டே இருந்துவிட்டார்கள். அவளும் ஆலிஸும் தோழிகளானால் நாவலின் மிகச் சிறந்த பேச்சு அவர்களுக்கு இடையில்தான் நடக்கும்.

படி 8: முடிவு

சாபம் நீங்கக் கூடாது. மூலிகைத் தைலம் வேண்டாம், மங்கலான வெளிச்சத்தில் "அன்று அவள் பேரழகியாகத் தெரிந்தாள்" என்ற வரியும் வேண்டாம். அந்த வரி பரிவோடு வருவது, ஆனாலும் அழகுதான் கடைசிப் பரிசு என்று அது ஒத்துக்கொண்டுவிடுகிறது.

முடிவில் அவளுக்குக் கிடைக்க வேண்டியது அதிகாரம், ராக்னெல் கேட்ட அதே விஷயம். சரித்திரத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. ஆல்ப்ஸ் மலைப்பகுதியிலுள்ள திரோல் நாட்டு இளவரசி மார்கரெத்தே சிறுவயதிலேயே லக்ஸம்பர்க் வீட்டு யோஹான் ஹைன்ரிஷுக்குக் கட்டிவைக்கப்பட்டவள். 1341 நவம்பரில், 23 வயதில், வேட்டைக்குப் போன கணவன் திரும்பி வந்தபோது கோட்டைக் கதவைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நாட்டின் பிரபுக்கள் அவள் பக்கம் நின்றார்கள். மறு வருடம் தான் ஏற்றுக்கொண்ட வேறொருவரை மணந்தாள். திருச்சபை அவளை விலக்கிவைத்தது. பிற்காலத்தில் அவளைக் கோரமானவள் என்று கதை கட்டினார்கள். அவள் காலத்துக் குறிப்பாளர் ஒருவரோ அவளை அழகி என்று எழுதியிருக்கிறார். சொன்னதைக் கேட்காத பெண்ணின் முகத்தில்தான் முதலில் கைவைக்கிறார்கள் என்பது இதில் தெரிகிறது. அந்த மூடிய கதவும், வெளியே நிற்கும் வேட்டைக் கூட்டமும் எந்த நகைச்சுவை நாவலுக்கும் தகுந்த இறுதிக்காட்சி.

நம் கதையில் நீதிபதி கேட்கிறார்: விளையாட்டா, மனதாரவா? ராபர்ட் பதில் சொல்லாமல் ஆலிஸ் பக்கம் திரும்ப வேண்டும். முடிவு அவளுடையது. அவள் கொஞ்ச நேரம் யோசிக்கட்டும். வேகமாகச் சொன்னால் அது பதிலாகத் தெரியாது. பிறகு அவள் எழுத்துப்பிழையைத் திருத்திய தாளை மேஜைமேல் வைக்கிறாள்.

எழுதி முடித்ததும் செய்ய வேண்டியது ஒன்று. நாவல் முழுவதிலுமிருந்து ஆலிஸின் முகத்தைப் பற்றிய வரிகளை மட்டும் வேறொரு தாளில் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். மேலிருந்து கீழே படியுங்கள். வரிகள் போகப் போக இனிமையாகிக்கொண்டே போனால் நீங்கள் அவள் முகத்தை ரகசியமாகத் திருத்தியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அந்த இடங்களைத் திரும்ப எழுதுங்கள். முதல் வரியில் "தழும்பு விழுந்த முகம்" என்றிருந்து, கடைசி வரியில் "இடது கண்ணுக்குக் கீழே, சிரித்தால் மட்டும் மடிப்புக்குள் மறையும் அந்த ஒன்பதாவது" என்றிருந்தால், பிரதியை அனுப்பிவிடலாம்.